கன்னி மூலையில் இல்லாத கதவு

பிரியமுள்ள தம்பிக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "சரிப்பா, பாத்துக்கலாம்பா" என்பாய். அந்தப் பக்கம் யாரோ உன்னைக் கூப்பிடுவார்கள், "ஒரு நிமிஷம்பா" என்று வைத்துவிடுவாய், அந்த ஒரு நிமிஷம் வெள்ளிக்கிழமை உன் ஓட்டல் திறப்பு விழா வரைக்கும் நீளும். நேரில் வந்தால் உன் மாமனார் பக்கத்தில் இருப்பார், நான் பாதியைச் சொல்லி மீதியைக் காபியோடு சேர்த்து விழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே, "என்னவோ ஹைகோர்ட்டுக்கு எழுதுற மாதிரி கண்ணாடி எல்லாம் மாட்டிக்கினு" என்று கிண்டல் செய்கிறாள். செய்யட்டும். அங்கே நடந்த ஹோமத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை, காட்டிக்கொள்ள மாட்டாள்.

முதலில் ஒன்றை மனசாரச் சொல்லிவிடுகிறேன். உன் கட்டடம் அழகாக இருக்கிறது. வேலப்பன்சாவடியில் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு பக்கம் டயர் குடோனும் இன்னொரு பக்கம் டைல்ஸ் கடையும் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் இப்படி ஒரு ஓட்டல் வரும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஃபேக்டரியில் சுவரைச் செய்து லாரியில் கொண்டுவந்து போல்ட் போட்டு மாட்டப்போகிறோம் என்று நீ முதல் தடவை சொன்னபோது, "அப்ப தகரக் கொட்டகைன்னு சொல்லு" என்று நக்கலடித்தவன் நான்தான். அந்த வாயை நானே அடக்கிக்கொண்டேன். வைக்கோலை அழுத்திச் செய்த பலகைச் சுவர், இடித்த வீடுகளிலிருந்து வாங்கிவந்த மரத்தூண், பனையோலைப் பாய் அடித்த உட்கூரை, நடுவில் வானம் தெரியும் முற்றம், புள்ளிக் கோலம் மாதிரி துளையிட்ட இரும்புத் தகட்டு ஜன்னல். ஈசான்ய மூலையில் மழைநீர்த் தொட்டி, அக்னி மூலையில் அடுப்படி. நாளைக்கு இந்த இடம் வேண்டாம் என்றால் கழற்றி எடுத்துப்போய் வேறு இடத்தில் மாட்டலாம், ஒரு கூடைக் குப்பை மிஞ்சாது என்றாய். முன்வாசலுக்கு ஏதோ ஒரு பழைய வீட்டின் வாசக்காலைத் தேடிப் பிடித்து வைத்தாய். குனிந்துதான் நுழைய முடியும், உயரமான வாசற்படியைத் தாண்டித்தான் காலை வைக்க முடியும். "சாப்பிடறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவ தலைய குனியட்டும்பா" என்று நீ சொன்னதை, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவசரம் இல்லாதவர்களுக்கு அது நல்ல யோசனைதான்.

உங்கள் முதல் வரைபடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணமான புதிதில் நீயும் சுகன்யாவும் நம் திருநின்றவூர் வீட்டுக் கூடத்தில் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் அம்மாவின் மசாலா டப்பாக்களைப் பாரம் வைத்து எனக்கு விளக்கினீர்கள். வடக்குப் பார்த்த மனை. கிழக்கிலும் மேற்கிலும் அடுத்தவர் சுவர், நடுவே ஆள் நுழைய முடியாத சந்து. ஆகவே முன்னால் ஒரு வாசல். பின்னால் தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், இரண்டு பேர் சேர்ந்து போகிற அகலத்தில் ஒரு கதவு. அதைத் தாண்டினால் வண்டி நிறுத்துகிற காலி இடம். அடுப்படிக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கதவு. சுகன்யா அந்தக் கன்னி மூலைக் கதவின் மேல் விரலை வைத்து, "மாமா, இது மட்டும் உங்களுக்குப் புடிக்காதுன்னு தெரியும். ஆனா வேற எடம் இல்ல. ஏதாவது ஒண்ணுன்னா ஜனங்க வெளிய போவணும் இல்ல" என்றாள். நான் 'ம்' என்றேன். என் 'ம்' என்றால் சம்மதம் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் மனை பார்த்துச் சொல்கிறவன் என்பது ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் தெரிந்த விஷயம். வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் நூல்கயிறும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்காவது கிளம்பிவிடுவேன். நீயும் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வருவாய், பால் பாயசம் எந்த வீட்டில் கிடைக்கும் என்பதில்தான் உனக்கு அக்கறை. உன் மாமனார் எனக்குச் சம்மந்தி ஆவதற்கு முன்னாலேயே இந்த வகையில் பழக்கம். பரம்பரையாக அந்தப் பக்கம் நெல் போட்ட குடும்பம். வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலத்தில் பெரிய வீடாகக் கட்டினார், எதைத் தொட்டாலும் சிக்கல் என்று என்னைக் கூப்பிட்டார். கன்னி மூலையில் இருந்த கொல்லைக் கதவை மூடுங்கள் என்றேன். அந்த மூலையில் வாசல் வைத்தால் வீட்டுப் பெண்களுக்கு ஆகாது என்று, நான் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். மூடினார். அதற்கப்புறம் இழுத்துக்கொண்டிருந்த வழக்கு முடிந்தது, படுத்த படுக்கையாக இருந்த அவர் மனைவி எழுந்து நடமாடினார், சுகன்யாவுக்கு நினைத்த கல்லூரியில் இடம் கிடைத்தது. எல்லாம் அந்த மூடிய கதவின் புண்ணியம் என்று அவர் நம்பினார். நான் மறுக்கவில்லை. வீடு தேடி வருகிற புகழை யார் வாசலிலேயே நிறுத்துவார்கள். மாங்காட்டில் உங்கள் கல்யாணப் பந்தியில்கூட, சாம்பார் வாளியோடு வந்தவரை நிறுத்தி, "இவருதான் ஒரே ஒரு கதவ மூடி என் குடும்பத்த நிமித்தி வச்சவரு" என்று அறிமுகம் செய்துவைத்தாரே, நீ மாலையோடு நின்று சிரித்தாயே.

அப்படிப்பட்ட மனிதருடைய நிலத்தில், அவர் பெண்ணே போட்ட வரைபடத்தில், கன்னி மூலையில் கதவு வருகிறது என்றால் அவருக்குத் தூக்கம் வருமா? என்னிடம் அவர் கேட்கவில்லை. என் பதில்தான் அவர் வீட்டில் சுவராகவே நிற்கிறதே. நேராக உன்னிடம் வந்தார், நீ ஃபேக்டரிக்கு ஒரு போன் செய்தாய். செங்கல் கட்டடமாக இருந்தால் மேஸ்திரி ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள், யாராவது ஒருவர் "அப்ப பின்னாடி எப்படிப் போறது?" என்று கேட்டிருப்பார். உன் முறையில் அந்தச் சண்டைக்கு நேரமே இல்லை. கதவு வைத்த பலகையைக் கழற்றினார்கள், அதே அளவில் கதவில்லாத பலகையை மாட்டினார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது என்று நீயே என்னிடம் பெருமையாகச் சொன்னாய். கழற்றிய பலகை இன்னும் பிளாஸ்டிக் தாள் சுற்றியபடி பின்பக்கக் காம்பவுண்டில் சாய்ந்து நிற்கிறது. ஹோமத்தன்று பார்த்தேன். கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாம் இருக்கிறது, திறந்தால் காம்பவுண்டுச் சுவர்தான் தெரியும். அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் அந்தக் கதவு இருக்கிறது, கட்டடத்தில் இல்லை.

முற்றமும் இதே மாதிரிதான் போயிற்று. வாசலில் நீ மாட்டியிருக்கும் பலகையில் 'மூச்சு விடும் கட்டடம்' என்று எழுதியிருக்கிறாய். சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போய்விடும், கோல ஜன்னல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும், அதுதான் நம் பழைய வீடுகளின் கணக்கு என்று எனக்கே பாடம் எடுத்தாய். அப்புறம் சித்திரை வெயிலில் ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பார்த்தீர்கள். ஐ.டி. கம்பெனி ஆட்கள் வியர்வை துடைத்துக்கொண்டு சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஏசி வந்தது. ஏசி வந்ததும் முற்றத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு ஷீட் வந்தது, கோல ஜன்னல்களுக்குப் பின்னால் நிஜக் கண்ணாடியே வந்தது. வானம் தெரிகிறது, வெளிச்சம் வருகிறது, புறா எச்சம் விழவில்லை, எல்லாம் சரி. மூச்சு எங்கே விடும் என்று கேட்டேன். "எக்ஸாஸ்ட் ஃபேன் ஆர்டர் போட்டிருக்கேன்பா, அடுத்த மாசம் வந்துடும்" என்றாய். பனையோலை பற்றாதா என்று கேட்டேன். மருந்து அடித்த ஓலை, சுவரும் ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் என்றாய். நீ படித்தவன், தாங்கும் என்றால் தாங்கும். நான் சுவருக்காகக் கவலைப்படவில்லை.

பிரம்மஸ்தானத்தில், அந்த முற்றத்தின் நட்ட நடுவில்தான் ஹோமகுண்டம் வைக்க வேண்டும் என்று சொன்னவன் நான்தான். விடியற்காலை நல்ல நேரம், இரண்டு குடும்பத்துச் சொந்தமும் பட்டுப்புடவையும் வேட்டியுமாக நிறைந்திருந்தது. முதல் நாள் பெய்த மழையில் சமித்துக் குச்சிகள் கொஞ்சம் நமத்துப் போயிருந்தன என்று சாஸ்திரிகள் முனகினார். நெய்யை ஊற்ற ஊற்றப் புகை எழும்பியது. நான் அந்தப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக மேலே போய் ஷீட்டில் முட்டியது, அங்கேயே கொஞ்சம் சுழன்றது, பிறகு ஓலைக் கூரைக்கு அடியில் நாலு பக்கமும் பரவி மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹோமப் புகை ஒடம்புக்கு நல்லது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் தூண்கள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு குழந்தை வீறிட்டது, இருமல் ஆரம்பித்தது, யாரோ ஒருவர் எழுந்தார். ஒருவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

முன்வாசலில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், நீ அங்கேதான் நின்றாய். இரண்டு பக்கமும் கட்டிய வாழைமரம் வழியில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே படிக்கட்டு முழுக்கச் செருப்புக் குவியல். உன் மச்சான் குனிய மறந்து நெற்றியை மேல் கட்டையில் இடித்துக்கொண்டான். உன் பெரியம்மா வாசற்படி தடுக்கி விழுந்தாள், பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்டத் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். "நவுருங்க, நவுருங்க" என்று பின்னாலிருந்து தள்ளியது யாரோ முரடன் கிடையாது, நம் சொந்தக்காரர்கள்தான். தீ இல்லை, சூடு இல்லை, அடுப்படியில் ஒரு சிலிண்டர்கூட இன்னும் இணைக்கவில்லை. வெறும் சாமி புகைக்கே பெரியம்மாவின் முழங்கால் தோல் உரிந்தது.

நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. கண் எரிந்து மூச்சு முட்டியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலேயே பின்பக்கம் திரும்பின. திருநின்றவூர்க் கூடத்தில் சுகன்யா விரல் வைத்துக் காட்டிய இடத்துக்கு, நேராக, தூண்களைத் தடவிக்கொண்டே போனேன். அங்கே கதவு இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் போனேன். இரண்டு உள்ளங்கையும் வழவழப்பான சுவரில் பட்டன. கைப்பிடியைத் தேடி அந்தச் சுவரைத் தடவினேன் தம்பி. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, தடவினேன். அப்போது பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. சுகன்யா. அவளும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அதே சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மாமா, இங்கதான இருந்துச்சி" என்றாள். படம் போட்டவளே அப்படிச் சொன்னாள். அடுப்படிச் சின்னக் கதவு அன்று பூட்டியே கிடந்தது, அதனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப முற்றத்தைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தேன். அந்தத் தூரம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில், சாமி காரியத்தில், என் பிள்ளை கட்டிய இடத்தில் எனக்குப் பயமாக இருந்தது.

வெளியே வந்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாஸ்திரிகள், திருஷ்டி எல்லாம் புகையோடு கழிந்தது, நல்ல சகுனம் என்றார். புகை அடங்கியதும் வீடியோ எடுக்கிற பையன், "எல்லாரும் ஒரு தடவ உள்ள போய்ட்டு சிரிச்சிகினே வெளிய வாங்க, முன்னாடி எடுத்தது சரியா வரல" என்றான். போனோம், சிரித்துக்கொண்டே வந்தோம். வாழையிலையில் கேசரி வைத்தார்கள். நீ என் பக்கம் வரும்போதெல்லாம் யாராவது உன்னைக் கூப்பிட்டார்கள், நானும் நல்ல நாளில் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன்.

நீ ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் நான் உடம்பெல்லாம் கரியாக வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். எங்கள் கம்பெனிக்கு அடுத்த காம்பவுண்டில் இருந்த குளிர்பதனக் கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் தீப்பிடித்திருந்தது. நெருப்பு பெரிதாக இல்லை, புகைதான். சுவரெல்லாம் கடைசிவரை அப்படியே நின்றது. உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் மட்டும் வெளியே வரவில்லை. தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். கதவுக்கு நேர் எதிர்ப்பக்கம், ஒரு வெறும் சுவரை ஒட்டிக் கிடந்தார்கள். அம்மா என் சட்டையை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது நீ வந்து கேட்டாய், "கதவு அந்தப் பக்கம் இருக்குன்னா அவங்க ஏன்பா இந்தப் பக்கம் போனாங்க?" புகையில் கண் தெரிந்திருக்காது என்று சொல்லிவைத்தேன். பிறகு ஒரு நாள் அந்தக் கிடங்கு வாட்ச்மேன் டீக்கடையில் சொன்னார், அந்தச் சுவரில் முன்பு ஒரு கதவு இருந்ததாம், பெட்டி அடுக்க இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்களாம். சின்னப் பையனிடம் எதற்கு என்று அதை உன்னிடம் சொல்லவில்லை. எனக்கே அது அப்போது முழுதாகப் புரியவில்லை. உன் சுவரில் கை வைத்து நின்றபோதுதான் புரிந்தது. மூச்சு முட்டுகிறவன் கண்ணால் பார்த்துப் போவதில்லை. எங்கே கதவு என்று அவன் மனசில் பதிந்திருக்கிறதோ அங்கே போகிறான்.

இன்று காலையில் பஸ் பிடித்து, பூந்தமல்லியில் மாறி, உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. அவர் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சம்மந்தி, காலங்காத்தால? ஊட்ல எல்லாம் சொகந்தான?"

"சௌக்கியம். ஒரு விஷயமா வந்தேன். ஓட்டல்ல கன்னி மூலைக் கதவத் திரும்ப மாட்டச் சொல்லுங்க."

துணியைப் பிழிந்து கைப்பிடியில் தொங்கவிட்டார். "இந்த ஊட்ல மூடச் சொன்னது ஆரு?"

"நான்தான்."

"மூடிக்கினப்பறம் தான என் சம்சாரம் எழுந்து நடந்துச்சி. அதுக்கு முன்னாடி எப்டி கெடந்துச்சின்னு நீங்களே பாத்தீங்க. இப்ப வந்து தெறன்னா? ஊருக்கு ஒரு சாஸ்திரம், புள்ளைக்கு ஒரு சாஸ்திரமா சம்மந்தி?"

புகையில் நடந்ததைச் சொன்னேன், கிடங்கைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர் கண்ணில் கோபம் இல்லை. "என் பொண்ணு தெனம் அங்கதான் ஒக்காரப் போவுது. அந்த மூலைல வாசல் வச்சா பொம்பளைங்களுக்கு ஆவாதுன்னு நீங்க சொன்னது இன்னும் என் காதுல கீது. தெரிஞ்சே நான் எப்டி தெறப்பேன்? மாப்ள வந்து கதவு வோணும்னு அவரு வாயால கேக்கட்டும், குறுக்க நிக்க மாட்டேன். நானா சொல்ல மாட்டேன்."

பேராசையில் மூடியிருந்தால் நாலு வார்த்தை கோபமாகப் பேசித் திறக்க வைத்திருப்பேன். பெண்மேல் இருக்கிற பாசத்தில் மூடிய கதவுக்கு என்ன செய்வது? விழா வேலைக்காக அங்கே வந்திருந்த சுகன்யா வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "நான் சொன்னா எங்கப்பா அழுவாரு மாமா. உங்க புள்ளதான் சொல்லணும். அவருக்கு எங்கப்பாகிட்ட மரியாத ஜாஸ்தி, வாய தெறக்க மாட்டேன்றாரு" என்றாள். அவர் நிலம் கொடுத்தவர், உன்னை மகன் மாதிரி நடத்துகிறவர், அவர் முகம் வாடக் கூடாது என்று நினைக்கிறாய். நல்ல குணம்தான். அந்த நல்ல குணத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம். நம்மில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. ஒருவர் பாசத்தால், ஒருவர் மரியாதையால், ஒருவர் பழைய பெருமையால் என்று ஆளுக்கு ஒரு ஆணி அடித்து அந்த மூலையை மூடி வைத்திருக்கிறோம்.

சாஸ்திரத்தைப் பற்றி நீ கேட்காமலேயே ஒன்று சொல்கிறேன். கன்னி மூலையில் கதவு கூடாது என்று எழுதியவர்களுடைய வீட்டில் முற்றம் திறந்திருந்தது. பிரம்மஸ்தானத்தின் மேல் எதையும் வைக்காதே, வானத்தை மறைக்காதே என்று அதே புத்தகத்தில், அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறது. அடுப்பு புகைந்தால் புகை மேலே போய்விடும், வீட்டில் இருப்பவர்கள் பத்துப் பேர், எல்லோருக்கும் எல்லா வழியும் தெரியும். அவர்கள் வீட்டிலிருந்து மூடிய மூலையை எடுத்துக்கொண்டீர்கள், திறந்த வானத்தை விட்டுவிட்டீர்கள். உன் ஓட்டலில் உட்காரப் போகிறவர்களுக்கு வந்த வழி ஒன்றுதான் தெரியும். அதுவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கைப்பையைத் தேடிக்கொண்டு, தலையைக் குனிந்து, காலைத் தூக்கி வைத்துப் போக வேண்டிய வழி. நாளைக்கு ஏதாவது கெட்டது நடந்தால் அந்தக் கதவால்தான் நடந்தது என்று சம்மந்தி சொல்வார். சொல்லட்டும், என் தலையில் போடு. மனை பார்க்கிறவன் தன் பிள்ளைக்காகச் சாஸ்திரத்தை வளைத்தான் என்று ஆவடி முழுக்கப் பேசட்டும். இனி ஒருத்தரும் என்னைக் கூப்பிடாமல் போனாலும் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து உன் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வரும் வழியில் உன் ஓட்டல் பக்கம் இறங்கினேன். பலகை மாட்டுகிற பாபு ஏதோ மிச்ச வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "நாலு போல்ட்டு சார், சுத்தி சீலன்ட்டு. அர நாள்ல மாத்திடலாம். கதவு பேனலு தோ, அங்கதான் கீது. சார் ஒரு வார்த்த சொல்லணும், அவ்ளோதான்" என்றார். அவர் சொன்ன சார் நீதான். அந்த ஷீட்டையும் நாளைக்கே எடுத்துவிடலாம் என்றார். வெயிலில் நாலு பேர் வியர்த்துக்கொண்டு சாப்பிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது தம்பி, வியர்வையைத் துடைத்துக்கொள்ள அவர்கள் உயிரோடு இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா போனை நீட்டினாள். வீடியோக்காரப் பையன் குடும்பக் குரூப்பில் அனுப்பியிருந்தான். நாம் சிரித்துக்கொண்டே வெளியே வந்ததை மட்டும் போட்டிருப்பான் என்று நினைத்தேன். அவசரத்தில் முதலில் எடுத்ததையும் சேர்த்து அனுப்பிவிட்டான். அவன் முன்வாசலுக்குப் பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறான். புகை, இருமல், எல்லோரும் அவனை நோக்கி ஓடிவருகிறார்கள். உன் அம்மா அந்த இடத்தில் நிறுத்தி, "இதுல பின்னாடி பாரு, இது யாரு" என்றாள். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்தேன். பட்டு வேட்டி கட்டிய ஒருவன் குண்டத்தின் அருகிலிருந்து எழுகிறான். எல்லோரும் வடக்கே போக, நானும் சுகன்யாவும் அங்கே போவதற்கு முன்னாலேயே அவன் முதுகைக் காட்டிக்கொண்டு தென்மேற்குப் பக்கம் போகிறான். சட்டென்று நிற்கிறான். அங்கே என்ன இல்லை என்பது நினைவுக்கு வந்த மாதிரி ஒரு நிமிஷம் அசையாமல் நிற்கிறான். அப்புறம் திரும்பி முன்வாசலுக்கு ஓடி வருகிறான், வந்து நின்று எல்லோருக்கும் கை கொடுத்து இறக்கிவிடுகிறான், சிரிக்கிறான். உன் அம்மா முந்தானையால் போன் திரையைத் துடைத்தாள்.

ஆறாவது படிக்கும்போது நீ கேட்ட கேள்விக்கு நீயே அந்த வீடியோவில் பதில் சொல்லியிருக்கிறாய், பார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் வருவோம். அம்மா முன்வாசல் வழியாகவே வருவாள், சம்மந்தி அம்மாவுக்குப் பூ வாங்கி வைத்திருக்கிறாள். நான் முன்வாசல் வழியாக வர மாட்டேன். பின்பக்கம், வண்டி நிறுத்துகிற இடத்தில், அந்தக் கதவு இருக்க வேண்டிய இடத்துக்கு வெளியே நிற்பேன். நீ உள்ளேயிருந்து கதவைத் திறந்து கூப்பிட்டால், உள்ளே வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவேன். கதவு வரவில்லை என்றால், பந்தி முடிந்து கடைசி ஆள் வெளியே போகிறவரைக்கும் அங்கேயே நிற்பேன், அடுத்த நாளும் வந்து நிற்பேன். பாபுவிடம் ஒரு ஸ்பேனர் வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளேயிருந்து யாராவது அந்தச் சுவரைத் தட்டினால், வெளியே கேட்பதற்கு ஒரு ஆளாவது இருக்க வேண்டும் இல்லையா.

அப்பா